சாய்ப்புக்கு இன்னொரு பூச்சு

காலையிலிருந்து வாசலில் தார் காய்கிறது. வாசனை மூக்கில் ஏறியதும் உங்களைக் கூப்பிட வாயெடுத்து மூடிக்கொண்டேன். ஆனி பிறந்துவிட்டது. மேற்கே மலை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. சின்னவளைத் தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் அழைத்து வருகிறோம். அவளும் பிள்ளையும் படுக்கப்போவது அந்தச் சாய்ப்பில்தான். நீங்கள் இல்லாமல் அந்தக் கூரை பார்க்கப்போகும் முதல் சாரல் இது. விடிந்ததிலிருந்து நாலு முறை வாசலுக்கு வந்து அந்த மேகத்தைப் பார்த்துவிட்டேன்.

பெரியவளின் பிரசவத்துக்காகத்தானே அதை இறக்கினோம்? நமக்கு இருந்தது ஒரு கூடமும் அடுப்படியும். பச்சைப் பிள்ளையோடு அவள் எங்கே படுப்பாள் என்று நான் புலம்பப் புலம்ப, மேற்குச் சுவரை ஒட்டி சிமென்ட் ஷீட் போட்டு ஓர் அறை இறக்கிவிடலாம் என்றீர்கள். கொத்தனார் வந்து, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார். கூரை அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கவும் வேண்டும்; நடுவில் கூரைக்குச் சரிவு கொஞ்சம்தான் கிடைக்கும்.

"அண்ணே, வாட்டம் பத்தாது. நம்ம பக்கத்துச் சாரல் மேல இருந்தா விழுகுது? காத்து தண்ணிய எதுத்து ஏத்திரும். சன்ஷேட உடைச்சிருவோம்."

"உடைக்கிறதா? புள்ளத்தாச்சி வரப்போற வீடுப்பா. இவ ஒத்துக்கிட மாட்டா," என்றீர்கள்.

நான் வாயே திறக்கவில்லை. காபித் தம்ளரோடு சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அப்படித்தான் நீங்கள். திராட்சை பழுக்கிற நேரத்தில் வானம் கறுத்தால் ஓடைப்பட்டியே கலங்கும். "மேகத்தப் பாத்துப் பயந்தவன் தோட்டம் வைக்கக் கூடாது" என்று கடைவீதியில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பீர்கள். யாராவது கேட்டால், "இவதான் பயந்து சாகுறா" என்பீர்கள். ஊரில் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியது நான்.

வாட்டம் குறைவு என்பதால் ஷீட்டுக்கு மேல் ஷீட்டை நன்றாக ஏற்றிப் போட்டார்கள். சுவரோடு சேரும் இடத்தில் சாக்கைக் காய்ச்சிய தாரில் முக்கி ஒட்டினார்கள். நீங்களே ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தாள். சாரலும் பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் பார்த்தால் தொட்டில் சேலையில் மஞ்சளாக ஒரு கறை. சேலையை மாற்றினேன். மறுநாள் அதிலும் மஞ்சள். பிள்ளையைச் சன்னலோரம் தூக்கிப்போய்க் கண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். அந்த மங்கின வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது. "காமாலையாம்மா?" என்று கேட்டுப் பெரியவள் அழ ஆரம்பித்தாள். உத்தமபாளையத்து ஆஸ்பத்திரிக்குப் போக நீங்கள் ஆட்டோ பிடிக்கக் கிளம்பினீர்கள்.

பிள்ளையைப் போர்த்திக்கொண்டு போகத் துண்டை எடுக்கலாம் என்று தொட்டிலுக்குக் குனிந்தேன். என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள் தண்ணீர்!

"ஏங்க, போகாதீக! இங்கன வந்து பாருங்க, கூரை ஒழுகுது!"

ஓடி வந்து என் கையைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஏணியைச் சாத்தி, அந்தச் சாரலிலேயே ஏறினீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தேடவே இல்லை. ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறிப் படுக்கிற இடுக்கில் நேராகக் கையை விட்டு, எதையோ உருவி மடியில் செருகினீர்கள்.

"என்னங்க அது?"

"குருவி கூடு வச்சிருக்கு. நீ ஏணியப் பிடி."

இறங்கி வந்தபோது விரலெல்லாம் மஞ்சள்.

மறுநாள் வேட்டியைத் துவைக்க எடுத்தபோது மடிப்பிலிருந்து அது விழுந்தது. மஞ்சள் நீரில் நனைத்த துணியில் முடிந்திருந்த குலசாமி கோயில் திருநீறு. தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகும் மனசு ஆறாமல், யாருக்கும் தெரியாமல் ஏறி, கூரைக்குக் காவலாக வைத்திருக்கிறீர்கள். காற்று எதிர்த்து ஏற்றிய தண்ணீரை, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தத் துணி உள்ளே இழுத்துவிட்டது. பிள்ளைக்குக் காமாலை இல்லை என்ற நிம்மதியில் முதலில் சிரித்தேன். அப்புறம், தனியாக ஏணி வைத்து ஏறும் அளவுக்கு மனத்துக்குள் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று நினைத்து அழுதேன். உங்களிடம் கேட்கவில்லை. முடிப்பைக் காயவைத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அது எங்கே போனது என்று நீங்களும் கேட்கவில்லை. கேட்டால் குருவி எங்கே என்று நான் கேட்பேனே!

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆனிக்கும் முன்னால் ஆள் கூட்டிவந்து தார் பூசுவீர்கள். "இவ நச்சரிப்புத் தாங்கலப்பா" என்று அவர்களிடம் சொல்வீர்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று அந்த முடிப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். சின்னவள் வந்ததும் தொட்டில் கயிற்றில் கட்டலாம், உள்ளே, நனையாத இடத்தில். தார் பூச வந்தவரிடம் அந்த இடுக்கைத் திரும்பத் திரும்பக் காட்டினேன். அவர் சலித்துக்கொண்டார்.

"ஆத்தா, அதான் ரெண்டு பூச்சுப் பூசியாச்சுல்ல. இன்னும் என்ன இம்புட்டுப் பயம்?"

"எனக்கென்னப்பா பயம்?" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்குத்தான். அவுக ஒத்துக்கிட மாட்டாக. இன்னொரு பூச்சுப் பூசிரு."