குறை முதலில், விலை பிறகு

10 நவம்பர், திங்கள்

மழை விட்டாயிற்று. காலையில் நல்ல வெயில். எதிர் மலையில் பலா மரங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. பள்ளிக்கு வண்டியில் கூட்டிப் போகும்போது அப்பா சொன்னார்: "மேகம் எறங்கிருச்சு பாரு கண்ணு. மெதுவாப் போலாம்."

மேகம் இல்லை. எங்கேயும் இல்லை.

"ஆமாப்பா" என்றேன்.

வாங்க வேண்டியவை: தமிழ் நோட்டு, ஹேர்பின், அம்மாவுக்குத் தைலம். சோசியல் டெஸ்ட் வெள்ளிக்கிழமை. ஒன்றும் படிக்கவில்லை.

இதைப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போன வருடத்து நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து. அம்மா புரண்டு படுத்தால் வெளிச்சத்தை அணைத்துவிடுவேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம். எழுதக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

எழுதிவிட்டேன்.

பழைய கடிகாரத்தைப் பார்த்து, அது என்ன நிலையில் இருக்கிறது, என்ன விலைக்குப் போகும் என்று சொல்வதுதான் அப்பாவின் வேலை. எப்போதோ எஸ்டேட் பங்களாக்களில் இருந்தவை இப்போது மலையில் பல வீடுகளில் தொங்குகின்றன. சேர்த்து வைக்கிறவர்கள் சென்னையிலும் சேலத்திலும். நடுவில் முள்ளுக்குறிச்சியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் கபூர் பாய். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அப்பா பேச்சை நம்புவார்கள். ஏனென்றால் அப்பா குறையை முதலில் சொல்வார். விலையைப் பிறகுதான் சொல்வார். "குறைய மறச்சு வித்தா அது கடியாரமே இல்ல, பொய்யி" என்பார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், சாலையின் நடுவில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. வெள்ளைக் கன்று. பட்டப்பகல். அப்பா நேராகப் போனார். நான் கத்தினேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. கன்று எழுந்து, எங்களை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. அப்புறம் எட்டுக்கை அம்மன் மேல் என்னிடம் சத்தியம் வாங்கினார். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. தெரிந்தால் ஒருத்தரும் கடிகாரம் பார்க்கக் கூப்பிட மாட்டார்கள்.

வெயிலில் அப்பா கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கருவிழி நடுவில் பால் கலந்த தண்ணீர் மாதிரி. சயின்ஸ் மிஸ்ஸிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். புரையாக இருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். அப்பாவிடம் சொன்னால், "உங்க பெரியப்பனும் அப்படித்தான் போனாரு. ஒத்தக் கண்ணோட வந்தாரு. பேசாத இரு" என்கிறார்.

11 நவம்பர், செவ்வாய்

காலையில் தூறல். மத்தியானம் இல்லை. சோறு ஆறிப்போய்விட்டது.

பள்ளி விட்டதும் அப்பாவுடன் வாழவந்தி நாட்டுக்கு. மாராயி அக்கா வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம், அவர் மாமனார் காலத்தது. டயலில் நடுப்பகுதி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் கண்ணாடியைத் திறந்து, டயலிலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஏற்பாடு இது. அப்பா தடவிப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். கை இருக்கும் இடத்தில் ஏதாவது குறை தெரிந்தால் ஒரு இருமல். ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். எழுத்து இருந்தால், "வாசி கண்ணு, இங்கிலீசு பழகோணும்ல" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அப்பா பெட்டியைத் தட்டினார், மோந்தார், பின்பக்கத்தில் காதை வைத்தார்.

"ஏனுங்க, பொண்ணுப் பாக்க வந்தாக்கூட இத்தன பாக்க மாட்டாங்க" என்றார் மாராயி அக்கா. "அடுத்து பல்லப் புடிச்சுப் பாப்பீங்களா?"

"பல்லுந்தானுங்க பாக்கோணும். உள்ள சக்கரத்துல இருக்குது."

பெரிய முள்ளுக்கு நுனியில் இலை மாதிரி வேலைப்பாடு. சின்ன முள் வெறும் தகடு. அப்பா விரல் சின்ன முள்ளில் பட்டபோது இருமினேன். விரல் அங்கேயே நின்றது. மறுபடி தடவினார்.

"குறையச் சொல்லிப்போடறேனுங்கக்கா. முள்ளு ரெண்டும் ஜோடி இல்ல. சின்னது பொறவு போட்டது. கீழ்ப் பலகைய வண்டு அரிச்சிருக்குது. டயல்ல உங்க குங்குமம், அது தொடைக்கப் போனா எழுத்தும் சேந்து வந்துரும், தொடாதீங்க. மெசினு அசலு. ஒரு ஸ்குரூகூட மாத்துல."

"குங்குமங்கூடவா கொறை?"

"சாமிக்கு நெறைவுங்க. வாங்கறவனுக்குக் கொறை."

அக்கா சிரித்துவிட்டார். விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்று, கடிகாரத்தை வேறு மாதிரி பார்த்தார். நல்ல விலைதான் போல.

கிளம்பும்போது என் முகவாயைப் பிடித்து, "புள்ளைக்கு நெஞ்சுச் சளி. மொளகுக் கசாயம் வெச்சுத் தாரேன், குடிச்சுட்டுப் போ சாமி." குடித்தேன். முழு டம்ளர். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கடிகாரம் மடியில். திரும்பும்போது எல்லா வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தேன். "அப்பா பஸ்." "அப்பா குரங்கு." "அப்பா, கல்லு, இடது பக்கம்." வீடு வரும்போது தொண்டை கட்டியிருந்தது.

12 நவம்பர், புதன்

அடை மழை. மேகம் நிஜமாகவே இறங்கியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

பாய் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் வைத்ததால் எல்லாம் கேட்டேன். சென்னையிலிருந்து கடிகாரம் சேர்க்கிற சார் ஒருவர் வந்திருக்கிறாராம். நாளை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வருகிறார்களாம். அப்பா பார்த்துச் சொல்வது பிடித்துப்போனால் அப்பாவுக்கு நிரந்தர வேலை. ராசிபுரம், நாமக்கல், சேலம், எங்கே பழைய கடிகாரம் வந்தாலும் அப்பாதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"வாரம் ரெண்டு தடவ மலை எறங்கோணும் பழனி. முடியுமா?"

"ஏன் பாய் முடியாம? வண்டி இருக்குதுல்ல. வெள்ளிக்கெழமையே மாராயி கடியாரத்தக் கட்டி எடுத்துட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி. எல்லா வாரமும் எனக்குப் பள்ளி. பின்னால் உட்கார்ந்து "பஸ்" என்று சொல்ல யார்?

அம்மாவுக்குச் சந்தோஷம். மழையில் நனைந்துகொண்டே கறிவேப்பிலை பறித்து வந்தாள். "பஸ்ல போலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸில் ஆட்டம் அதிகம், கடிகாரம் தாங்காது என்றார் அப்பா. அது பொய். வண்டியில்தான் ஆட்டம் அதிகம். பஸ்ஸின் போர்டு அவருக்குத் தெரியாது. யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் தெரிந்துவிடும்.

நான் ஒரு காரியம் செய்தேன். வண்டிச் சாவியை எடுத்து உப்பு ஜாடிக்குள் புதைத்தேன்.

ராத்திரி ரசத்துக்கு உப்பு எடுக்கும்போது அம்மா கையில் வந்துவிட்டது. "இதென்ன கூத்து? உப்புக்குள்ள சாவி!"

நான் நோட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் ஏதோ நெனப்புல போட்டிருப்பேன்" என்றார் அப்பா. சாவியை வாங்கி வேட்டி நுனியில் துடைத்தார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உப்புல இரும்பு வெக்கக் கூடாது கண்ணு. துரு ஏறிரும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் சொல்லிவிடலாமா? சத்தியத்தை மீறினால் எட்டுக்கை அம்மன் யாரைப் பிடிக்கும், என்னையா அப்பாவையா? அப்பா மேல் போனால்?

13 நவம்பர், வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் பாயின் காரில் வந்தார்கள். பாய் ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்தார். சென்னை சார் நரைத்த தலை, அதிகம் பேசாதவர். போர்வையில் சுற்றி ஒரு கடிகாரம் எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். "இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

அப்பா கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வழக்கமான இடத்தில்.

காது வைத்தார். சாவி கொடுத்தார். மணி அடிக்கவிட்டுக் கேட்டார். பெட்டி தேக்கு, அடிப்பலகை மட்டும் வேறு மரம். ஸ்பிரிங் ஒன்று புதுசு. மற்ற மெசின் எல்லாம் அசல். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நாஞ் சொன்னேன்ல சார்?"

பிறகு டயல். காகித டயல். பழைய காகிதம் என்றால் ஓரம் பழுத்திருக்கும், சாவி ஓட்டையைச் சுற்றிக் கீறல் இருக்கும், அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இது பல்லி முட்டை மாதிரி வெள்ளை. ஒரு கீறல் இல்லை. இப்போது அச்சடித்து ஒட்டியது. வாசலில் நிற்கிற யாருக்கும் தெரியும்.

அப்பா விரல் கண்ணாடி ஓரத்தில் நின்றது. காத்திருந்தார்.

இருமல் தொண்டை வரை வந்தது. வெள்ளைக் கன்று ஞாபகம் வந்தது. இருமினால் நாளைக் காலையில் அப்பா தனியாக மலை இறங்குவார். நான் வாயை மூடிக்கொண்டேன். நகம் உள்ளங்கையில் பதிந்துவிட்டது, இப்போதும் வலிக்கிறது.

"டயலு..." என்றார் அப்பா. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "டயலு நல்லாருக்குதுங்க. அந்தக் காலத்து டயலேதான்."

பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் சார். குரலில் கேலி இல்லை.

அப்பா நான் நிற்கும் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை.

"சளி போயிருச்சா கண்ணு?"

"போயிருச்சுப்பா."

அப்பா கடிகாரத்தின் கதவைச் சாத்தினார். கொக்கியைத் தேடி மாட்டினார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"குறைய மொதல்ல சொல்லிப்போடறேனுங்க. கடியாரத்தோடது இல்ல, என்னோடது. எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க. கொஞ்ச நாளா எம் புள்ளதான் பாக்குது. டயல்ல ஏதோ இருக்குது, எனக்குத் தெரியல."

அம்மா அடுப்படிக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். "எத்தன நாளா?" என்றாள். "எம் புள்ளையப் பின்னால உக்கார வெச்சுட்டு அந்த ரோட்டுலயா?" என்று கத்தினாள். வந்தவர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு என்னைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள். முதுகில் ஒரு அடியும் வைத்தாள்.

பாய் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். "போன மாசம் கடைக்கு வந்து, போர்ட எடுத்துட்டீங்களா பாய்னு கேட்டான் சார். தலைக்கு மேலதான் தொங்குது. தமாசு பண்றான்னு நெனச்சுட்டேன்."

திங்கட்கிழமை சேலம் கண் ஆசுபத்திரிக்குத் தானே காரில் கூட்டிப் போவதாக பாய் சொன்னார். அப்பா பெரியப்பா கதையை ஆரம்பித்தார். பாய் முடிக்கவிடவில்லை. "அதெல்லாம் அந்தக் காலம்பா. எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் பண்ணுச்சு. இப்ப எங்க தெருவுல எவன் எந்தப் புள்ளையப் பாக்கறான்னு மாடியில உக்காந்து சொல்லுது. அதுதான் இப்பப் பிரச்சன."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே.

மெசினைப் பற்றி அப்பா சொன்னது எல்லாம் சரி என்றார் சார். புது டயல் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தாராம். மாராயி அக்கா கடிகாரத்தை அப்பா சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு, போர்வையில் சுற்றி, காரில் வைத்துக்கொண்டார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எட்டுக்கை அம்மா, நான் சொல்லவில்லை. சும்மாதான் நின்றேன். அப்பாவே சொன்னார். கணக்கில் வைத்துக்கொள்.

14 நவம்பர், வெள்ளி

வெயிலும் மேகமும் மாறி மாறி. குழந்தைகள் தினம் என்று பள்ளியில் மிட்டாய். டெஸ்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள்! ஹேர்பின் வாங்கினேன், நோட்டு மறந்துவிட்டது.

காலையில் பஸ்ஸுக்கு நடந்தே போனோம், அப்பாவும் நானும். பஸ் வந்ததும், "இது எங்க போற பஸ்ஸுங்க?" என்று சத்தமாக ஒருவரைக் கேட்டார் அப்பா. எனக்குத் தெரியும், என்னைக் கேட்டிருக்கலாம். இருந்தும் அவரைக் கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அம்மா இன்னும் அப்பாவிடம் பேசவில்லை. ஆனால் மீனை முள் எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டதும் அப்பா வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "எங்கியாச்சும் வெச்சுரு. எங்கிட்டச் சொல்லாத. உப்புல மட்டும் வேண்டாம்." மிளகு டப்பாவில் போட்டேன்.

அப்புறம் கேட்டார்: "கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்களா?"

மரத்துப்போக மருந்து விடுவார்கள், வலிக்காது என்று மிஸ் சொன்னார் என்றேன். மிஸ் அதெல்லாம் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் கேட்டுவிட வேண்டும்.

இப்போது விளக்கு அணைத்தாயிற்று. அம்மா தூங்கிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா புரண்டுகொண்டே இருக்கிறார். ஒரு தடவை இருமினார். அவருக்குச் சளி கிடையாது.

நானும் ஒரு தடவை இருமினேன்.