முதல் கை

வெள்ளிக்கிழமை, புளியங்கூடல்.

இன்று அண்ணை ஊர்காவற்றுறையில் ஐஸ்கிரீம் கடை திறந்தார். கோழிப்பண்ணை, போன் கடை, கடலட்டைப் பண்ணை மூன்றையும் மூடிய பிறகு இது நாலாவது. முந்தின மூன்றையும் என் கையால்தான் தொடக்குவித்தார். எனக்கு ராசியான கை என்று அம்மா சொல்லுவா.

இன்றும் முதல் ஆளாக வாங்கக் காசோடு நின்றேன். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ கொஞ்சம் பின்னாலை நில். மாமியின்ரை மகள் முதல் வாங்கட்டும்."

"குறை நினையாதை பிள்ளை, ஒருக்கா கை மாத்திப் பாப்பம்," என்றா அம்மா.

ஓம் என்றேன்.

"கடலட்டை செத்துது, இனி இது உருகும்," என்று பின்னால் ஆரோ சிரித்தார்கள்.

அட்டை செத்தது கடல் சூடேறியதால். அதைப் பேப்பரில் வாசித்து அண்ணைக்கு விளங்கப்படுத்தியதும் நான்தான். ஆனாலும் இப்போது என் கைதான் பிழையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்படியென்றால் இந்தக் கடையாவது தப்பும்.

பின்னேரம் கடையில் ஒருவரும் இல்லை. அண்ணை எனக்கொரு கோன் நீட்டினார். வேண்டாம் என்றேன். தொடப் பயமாக இருந்தது.