அச்சனின் சந்தை இடம்

சேட்டனுக்கு,

அச்சனின் முதுகை இரண்டாம் முறை கெடுத்தது நீ.

முதல் ஆபரேஷனில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளைக் கம்பியும் திருகாணியும் வைத்து இணைத்தார்கள். இனி சுமை தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அதைச் சந்தைச் சுமைதூக்கிகள் யூனியனில் சொன்னால், அவருடைய வேலை இடத்தை மகன் உடனே வந்து ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நீ துபாயிலிருந்து, "ஓணத்துக்கு வந்துடறேன் அச்சா, அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாய்.

அவர் இடுப்புப் பட்டையை நீலச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். கூட்டாளி பௌலோஸ் கிண்டலடித்தாராம்.

"என்ன பாஸ்கரா, கல்யாண மாப்பிள்ளையாட்டம் விறைப்பா நடக்கறே?"

"உள்ளே இரும்பு வெச்சிருக்குடா, வளையாது."

எல்லோரும் சிரித்துவிட்டு அவர் தலையில் அரிசி மூட்டையை ஏற்றினார்கள்.

திருகாணி முறிந்துவிட்டது. முதுகை மறுபடி திறக்க வேண்டும். இம்முறை எழுந்து நடப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

உன் விசாவைப் புதுப்பித்தாயிற்று என்று உன் மனைவி நேற்று வாய்தவறிச் சொன்னாள். அச்சனுக்குத் தெரியாது. "அவன் வர்ற வரைக்கும் யூனியன்ல மூச்சு விடாதே" என்று படுத்தபடி என்னை அதட்டுகிறார்.

போனில் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாய். அந்த இடம் உனக்கு வேண்டாம் என்று அவரிடம் நீயே சொல்.

உன் தங்கை