பேத்ர் பிரபு கட்டாத மண்டபம்

பிராக்,
ஜூன் 4, 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை, கோட்டையைப் பற்றிய உங்கள் புத்தகத்தின் அச்சுப்படியை மேசையில் வைத்து, "முன்னுரை எழுதிக் கொடு, உன் பேரையும் போட்டுடலாம்" என்றீர்கள். அப்போது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: பேத்ர் பிரபு அந்த மண்டபத்தைக் கட்டவில்லை. நீங்கள் செய்த வாத்து வறுவலைப் புகழ்ந்துவிட்டு ரயிலேறிவிட்டேன்.

போன கோடையில் மண்டபத்துக் கூரை உத்தரங்களில் துளையிட்டு எடுத்தோமே, அந்த மாதிரிகளுக்கு முடிவு வந்துவிட்டது. மரத்துக்குள் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், மரங்கள் 1502 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. அந்தக் காலத் தச்சர்கள் மரத்தைக் காயப்போட மாட்டார்கள். ஈரத்தோடு செதுக்கி அடுத்த கோடையிலேயே ஏற்றிவிடுவார்கள். பிரபு இறந்தது 1498இல். கட்டியது அவர் மனைவி கத்தெர்ஷினா, நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, விதவையாக. வாசலில் செதுக்கியிருக்கும் 1495 என்ற ஆண்டு வாசலுக்கு மட்டும்தான். அதையே மண்டபத்துக்கும் வைத்துக்கொண்டோம்.

"காதல் மனைவிக்குக் கணவன் கட்டிய மண்டபம்" என்று அச்சானால், அதில் என் பெயர் வேண்டாம்.

உங்கள்
ராத்கா

யெலெனோவ் கோட்டை,
ஜூன் 7

ராத்கா கண்ணு,

உன் கடிதத்தை அடுப்புல போடத்தான் போனேன். இருபத்தேழு வருஷமா இந்தக் கோட்டைச் சாவி என் கையில இருக்கு. அந்தக் கதையைக் கேட்டுத்தான் சனிக்கிழமையானா ஜோடி ஜோடியா இங்க கல்யாணம் பண்ணிக்க வர்றாங்க. நானும் உன் அம்மாவும் இங்கதான் பண்ணிக்கிட்டோம். அது நிலைக்கலைன்னா அதுக்கு பேத்ர் என்ன செய்வார்?

நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு வந்த முப்பதாண்டுப் போர்ல கூரை எரிஞ்சிருக்கு. அப்புறம் வேற எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட பழைய மரமா இருக்கும். இதெல்லாம் உங்க பல்கலைக்கழகத்துல சொல்லித் தர்றதில்லையா? வாசல்ல நுழைவுச்சீட்டு கொடுக்கிற யார்மிலாகிட்ட சொன்னேன். "புருஷன் போனப்புறம் எவ மண்டபம் கட்டுவா? நானா இருந்தா நல்லாத் தூங்குவேன்"ங்கறா.

இருபதாம் தேதி அச்சுக்குப் போகணும்.

அப்பா ஓல்த்ரிஹ்

பிராக்,
ஜூன் 11

அன்புள்ள அப்பா,

யார்மிலா அத்தை சொன்னதை அவர் கணவரிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

விளக்கை எடுத்துக்கொண்டு கூரைக்குள் ஏறிப் பாருங்கள். தச்சர்கள் கூரைச் சட்டங்களைத் தரையில் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றிலும் உளியால் கோடு போட்டு எண்ணிட்டு, அதே வரிசையில் மேலே நிறுத்தினார்கள். கிழக்குச் சுவரோரம் ஒரு கோடு. மேற்கே போகப் போகக் கூடும். வேறு இடத்து மரத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தால் வரிசை எங்காவது குலைந்திருக்கும். குலைந்திருந்தால் அன்றே முன்னுரை எழுதித் தருகிறேன்.

குலைந்திருக்காது. ஆனால் அதனால் மண்டபம் சிறுத்துப்போகாது அப்பா. ஒருத்தி தனியாக நின்று கட்டினாள் என்பதும் கல்யாணத்தன்று சொல்லக்கூடிய கதைதான்.

ராத்கா

யெலெனோவ்,
ஜூன் 16

ராத்கா கண்ணு,

ஏறினேன். முழங்கால் இன்னும் உன்னைத் திட்டுது. பத்தொன்பது சட்டம், ஒண்ணுகூட வரிசை தப்பலை. ரெண்டு தடவை எண்ணினேன்.

நேத்துக் கல்யாணத்துல கத்தெர்ஷினா கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை முகம் வாடிப்போச்சு. "அப்போ அவரு எதுவுமே கட்டலையா?"ன்னான். வாசலைக் கட்டினாருன்னேன். உடனே பொண்ணு, "நீயும் வாசலைக் கட்டு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. பழைய கதைக்கு யாரும் சிரிச்சதில்லை.

சாயங்காலம் அச்சகத்துக்காரர் வந்தார். ஒன்பதாம் பக்கத்துல, மண்டபத்தைக் கட்டினது கத்தெர்ஷினான்னு திருத்திக் கொடுத்துட்டேன். முன்னுரையை நானே எழுதிட்டேன்.

அப்பா