மீன்தொட்டிக்குப் பூட்டிய பற்றரி

ஜனவரி 8, வியாழன். காலையில் எழுதியதன் மிச்சம்.

நாளை இரவு கடுங்குளிராம். கரண்ட் நின்றாலும் நிற்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டில் மூச்சுக்கு ஒட்சிசன் தரும் மெஷினோடு இருப்பவர்களுக்கு மின்சாரக் கம்பனி முன்கூட்டியே பற்றரி கொடுத்திருக்கிறது. அம்மாவின் பற்றரி ஈஸ்ட் ஹாமுக்கு, அண்ணை வீட்டுக்குப் போய்விட்டது. மூன்று வருடமாக அம்மா என்னோடுதான் இருக்கிறார். பதிவில் மட்டும் இன்னும் அண்ணையின் முகவரி. மாற்றினால், மூத்தவன் தாயைக் கைவிட்டுவிட்டான் என்று கோயில் பூசைக்கு வருகிறவர்கள் கதைப்பார்களாம். மாற்ற விடாதவர் அம்மாதான்.

பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், வந்தது. மீன்தொட்டி மோட்டருக்குப் பூட்டிப்போட்டன். கரண்ட் நிண்டா மீன் எல்லாம் செத்துப்போகுமடா."

"அண்ணை, அது அம்மான்ர மெஷினுக்கு வந்தது."

"இந்த வீட்டுக்கெண்டுதான் தந்தவங்கள். வேணுமெண்டா அம்மாவைக் கொண்டுவந்து விடு."

மீனுக்காம்! திட்டு வாய்வரை வந்தது. ஆனால் திட்டவில்லை. கொண்டுபோய் விட்டால் என்ன என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. போன் ஸ்பீக்கரில் இருந்ததையும் அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்ததையும் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

சாப்பிடக் கூப்பிடப் போனபோது அம்மாவின் அறையில் மெஷின் சத்தம் இல்லை. மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்தபடி கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான்தான் நிப்பாட்டினன். இது இல்லாமல்... எவ்வளவு நேரம் ஏலுமெண்டு... பாக்கிறன்."

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன்.

இல்லை. முதலில் மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகுதான் போட்டேன்.