தொழில் என்ற கட்டத்தில் நீ எழுதியது

மச்சான்,

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் போன வாரம் எரிந்துபோய், புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி இன்று காலை திரும்பி வந்தது. படிக்கட்டு முழுக்க வார்னிஷ் வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உன் கடை வாடை அது. இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட மடலை எழுத இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரி வருகைப் பதிவேட்டில் நம் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்ததால் ஆய்வகத்தில் ஒரே மேசை கிடைத்தது. நான் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவேன், நீ கரையான்சாவடியிலிருந்து பஸ்ஸில். ஒயர்களை எல்லாம் நீ இணைப்பாய். நான் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். "எனுக்கு கை, உனுக்கு எய்த்து. ரெண்டு பேரும் சேந்தா ஒரு இன்ஜினீரு" என்று சொல்லிச் சிரிப்பாய்.

படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசை. மின்பொறியியல் படித்தவனுக்கு மின்சார வேலைதான் கிடைக்கும் என்று எண்பதுகளில் எந்தச் சட்டமும் இல்லை. ஒருத்தன் வங்கி அதிகாரியானான். ஒருத்தன் போலீசில் சேர்ந்தான். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன் பாதிரியாராகி எல்லோரையும் திகைக்கவைத்தான். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஏ.சி. அறைக்குள் போய்விட்டேன். நீதான் படித்த படிப்புக்கான வேலைக்கே போனாய், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு. நாலு வருஷத்தில் அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். நீ வேறு இடம் தேடி அலையாமல், வீட்டு முன்னறையிலேயே மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டும் கடை போட்டாய்.

ஆரம்பத்தில் நான் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தேன். செம்புக் கம்பியைச் சுற்றும்போது உன் உதடு மட்டும் அசையும். எண்ணிக்கை தப்பிவிடும் என்று, யார் கூப்பிட்டாலும் கையைத்தான் காட்டுவாய். எண்ணி முடித்த பிறகுதான் "வா மச்சான், எப்ப வந்த?" என்பாய். உன் முகத்தில் ஒரு குறையும் இருக்காது. எனக்குத்தான் என்னவோபோல் இருக்கும். ஆபீசில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "எலக்ட்ரிகல் லைன்ல இருக்கான்" என்று நழுவுவேன். ஒருமுறை பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போது, எரிந்த மோட்டார் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நீ ரோட்டைக் கடப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் ஆபீஸ் நண்பர் இருந்தார். கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் ஆண்டு சந்திப்புக்கு மலர் போட்டோம். யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு வரி. பழைய தமிழ்மன்றச் செயலாளர் என்ற தோரணையில் நான்தான் தொகுத்தேன். எல்லோருக்கும் படிவம் அனுப்பினேன். 'தொழில்' என்ற கட்டத்தில் நீ குண்டு குண்டாக எழுதியிருந்தாய்: 'காயில் கட்டுதல், கரையான்சாவடி'. என் பெயருக்கு நேர் கீழே அது வரவேண்டும். அதற்குக் கீழே ஒருத்தன் அமெரிக்கா. எனக்குக் கூசியது. அடித்துவிட்டு 'தொழிலதிபர்' என்று எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். உனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. உன்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

சந்திப்பன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மனைவியோடு வந்தாய். மலரை நீ புரட்டுவதற்குள் ஒருத்தன் தோளில் கைபோட்டான்.

"இன்னா தொழிலதிபரே! ஃபேக்டரில எத்தினி பேரு கீறாங்க? எந்தம்பிக்கு ஒரு வேல போட்டுக் குடேன்."

"ஃபேக்டரிலாம் இல்லப்பா. ஊட்லயே காயில் கட்டிகினு கீறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பார்றா அடக்கத்த!" என்றான் இன்னொருத்தன். நீ மறுபடியும் அதையே சொன்னாய். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அச்சில் வந்த பிறகு உன் பேச்சு எடுபடுமா? நீ என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கைகழுவும் இடத்துக்கு வந்து கேட்டாய்.

"நா எய்தினதுல இன்னா மச்சான் தப்பு?"

"உனக்காகத்தான்டா மாத்தினேன்."

"எனுக்காகவா?" என்றாய். அவ்வளவுதான். நீயும் உன் மனைவியும் சாப்பிடாமலே கிளம்பினீர்கள்.

இல்லைடா, எனக்காகத்தான். என் நெருங்கிய சிநேகிதன் காயில் கட்டுகிறான் என்று அந்தக் கூட்டம் படிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இதை அன்றே சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பாய். அடுத்த ஞாயிறு போகலாம், அடுத்த ஞாயிறு போகலாம் என்று மூன்று வருஷம் ஓட்டினேன். மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தது எனக்குத் தெரியாது. செத்துப்போன செய்திதான் வந்தது.

சாவு வீட்டில் உன் தெருக்காரர்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதச் சொல்லி என்னிடம் பேப்பரை நீட்டினார்கள். உன் பெயருக்குக் கீழே 'பி.இ., காயில் கட்டுபவர்' என்று எழுதினேன். உன் மனைவி அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"சரியா கீதுண்ணா. இதயாச்சும் மாத்தாம அடிக்கச் சொல்லுங்க. அந்தப் புஸ்தகத்துல பிரஸ்காரன் இன்னாத்தயோ மாத்திப் போட்டுட்டான், என் ஃபிரண்டு கரெக்டாத்தான் எய்திக் குடுத்தான்னு சொல்லிகினே இருப்பாரு."

தலையை ஆட்டினேன் மச்சான். மாற்றியது நான்தான் என்று இன்றுவரை தங்கச்சியிடம் சொல்லவில்லை. நீ எனக்காகச் சொன்ன பொய்க்குப் பின்னால்தான் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.