தேவிக்குக் கேட்காத சத்தம்

4, திங்கள்

தூறல். பென்சில் சீவினேன். முதியோர் வகுப்பில் எழுதக் கற்று ஒரு வருஷம். இன்றைக்குப் பெரிய சொல்: ஸ்டெதஸ்கோப். முழுதாக எழுதிவிட்டேன்!

ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. எதிரே பளபளவென்று புதுக் கட்டடம். நாங்கள் பழைய கட்டடத்தில், இலவச வார்டு. மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களைத் தொட்டுப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். என் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. புஸ்ஸென்று சத்தமாம். அதைக் கேட்கத் தினமும் வரிசை.

பக்கத்துக் கட்டில் அந்தோணிக்குப் பொறாமை. "யோவ் பெரிசு, உனக்குத்தான் கூட்டம். என் கல்லீரலை ஒருத்தரும் கண்டுக்க மாட்றாங்க."

5, செவ்வாய்

இட்லி கல். சட்னி நன்று.

தேவி வந்தாள். மருத்துவ மாணவி, சந்தாபுரா ஊர்ப் பெண். போன பரீட்சையில் தவறியவள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் வைப்பாள். மற்றவர்கள் வைத்தால் ஐஸ்கட்டி.

"கேக்குதாம்மா?"

"கேக்குது தாத்தா."

முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பிறகு மெதுவாக, "லப் டப் மட்டும்தான் தாத்தா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வெள்ளிக்கிழமை பரீட்சை. பாவம்.

6, புதன்

கம்பெனி மேனேஜர் வந்தார். டை கட்டியிருந்தார். நாளைக்கே ஆபரேஷன், புதுக் கட்டடத்தில், இலவசம். "ஸ்டூடண்ட்ஸ் தொந்தரவு இருக்காது ஐயா. அங்க உள்ளயே விட மாட்டோம்."

ஆபரேஷன் ஆனால் சத்தம் போய்விடும். தேவி எதைக் கேட்பாள்?

"சனிக்கிழமை வச்சுக்கலாமா சார்?"

"தள்ளிப்போட்டா மறுபடி எப்பன்னு சொல்ல முடியாது ஐயா."

பெரிய டாக்டரம்மாவிடம் முறையிட்டேன் (இனி பெ.டா., கை வலிக்கிறது). சிரித்தார். "ரெண்டு நாள் தாங்கும். நான் பேசறேன். நீங்க ஓடியாடாம கிடங்க."

8, வெள்ளி

பரீட்சை. யாருக்கு எந்த நோயாளி என்று சீட்டுக் குலுக்கல். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை! எனக்கு வந்தவன் ஓர் உயரமான பையன். ஐஸ்கட்டி. தேவிக்கு அந்தோணி.

அந்தோணிக்கு அடங்காத சிரிப்பு. "இதுக்காய்யா காத்துக் கெடந்த?"

மாலையில் தேவி ஓடிவந்தாள். கல்லீரலைச் சரியாகச் சொன்னாளாம். பெ.டா. தலையாட்டினாராம். எனக்கு இரண்டு பிஸ்கட்.

9, சனி

பெ.டா. சொன்ன சொல் தவறவில்லை. இன்றைக்கே ஆபரேஷன். சக்கர நாற்காலி. புதுக் கட்டடக் கண்ணாடிக் கதவு வரைக்கும் தேவி வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு அனுமதி இல்லை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்தாள்.

"பரீட்சைதான் முடிஞ்சுதேம்மா, இனிமே எதுக்கு?"

"சும்மா இருங்க தாத்தா. முன்னால சாய்ங்க. மூச்ச வெளிய விட்டு நிறுத்துங்க."

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். விட்ட மூச்சை நான் திரும்ப இழுக்கவே இல்லை.

அவள் கண் பெரிதானது.

"தாத்தா! புஸ்ஸுங்குது!"

இப்போது நான்காவது மாடி. சன்னல் வழியே பார்த்தேன். காதில் ஸ்டெதஸ்கோப்போடு இன்னும் கீழேயே நிற்கிறாள். நர்ஸ் பென்சிலைக் கேட்கிறார்.